மோதிர விரலில் வழியும் மாவு: சாந்திநிகேதன் நாட்குறிப்பு

முதல் நாள்

ஹௌராவிலிருந்து, சாந்திநிகேதனுக்கு இறங்க வேண்டிய போல்பூருக்கு ரயிலில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். பர்த்வானைத் தாண்டியதும் இரு பக்கமும் நடவு வயல்கள் தொடங்கிவிட்டன. சிராவண மாதத்து (நம் ஆடி) மழையில் முழங்கால் அளவு சேற்றில் நின்று பெண்கள் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் காவி அங்கியும் கையில் ஏக்தாரா என்ற ஒற்றைத் தந்தி வாத்தியமுமாக, ஊர் ஊராகப் பாடித் திரியும் ஒரு பாவுல் பாடகர் எங்கள் பெட்டியில் ஏறினார். அவர் பாடத் தொடங்கியதும் யாரும் பேச்சை நிறுத்தவில்லை. எதிரில் பொரி தின்றுகொண்டிருந்தவர் தின்றபடியே முழங்காலில் தாளம் போட்டார். ஜன்னலோரத்துப் பாட்டி கண்ணை மூடியிருந்தாலும் அவருடைய உதடு அசைந்தது. பாட்டு முடிந்தது, சில்லறை கைமாறியது, பாடகர் அடுத்த பெட்டிக்குப் போனார். கச்சேரி கேட்கிறவர்களின் முகம் யாருக்கும் இல்லை. ஆனாலும் எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

நான் 23 ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துகிற வேலையில் இருப்பவள். கலை, கவிதை என்பவையெல்லாம் பிறர் எழுதி என் மேசைக்கு வந்து, நான் ஒற்றுப்பிழை நீக்கி அனுப்பிவைக்கிற சரக்கு என்ற அளவில்தான் எனக்குப் பழக்கம். அக்காள் மகள் இங்கே விசுவபாரதிப் பல்கலைக்கழகத்தின் கலைக்கல்லூரியான கலா பவனத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சென்ற மாதம் தொலைபேசியில் பேசும்போது, "இங்க கலைன்னு தனியா ஒரு நேரம் கிடையாது சித்தி, எல்லாமே வேலைதான்" என்றாள். அது குறையா பெருமையா என்று அவள் குரலிலிருந்து எனக்குப் பிடிபடவில்லை. நேரில் பார்த்துவிடலாம் என்றுதான் ஆறு நாள் விடுப்பு எடுத்தேன்.

நிலையத்திலிருந்து டோட்டோ என்று இங்கே சொல்லப்படும் மின்கல வண்டியில் வந்தேன். மழையில் நனைந்து விடுதிக்கு வந்து சேர்ந்ததற்கு மேல் இன்று எழுத ஒன்றுமில்லை.

இரண்டாம் நாள், புதன்

இங்கே வார விடுமுறை ஞாயிறு அல்ல, புதன். காலையில் கண்ணாடி மண்டபத்தில் வழிபாடு நடக்கும் என்று சொல்லி அக்காள் மகள் என்னை வெள்ளைப் புடைவை கட்டிக்கொள்ளச் சொன்னாள். 1891இல் ரவீந்திரநாத்தின் தந்தை தேவேந்திரநாத் தாகூர் எழுப்பிய உபாசனா கிருகம் இரும்புச் சட்டங்களில் வண்ணக் கண்ணாடிகளைப் பொருத்தி அமைத்தது. உள்ளே உருவம் எதுவும் இல்லை, எந்தத் திசையை நோக்கிக் கும்பிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தரையில் உட்கார்ந்து நான்கைந்து பாட்டுகளும் ஒரு சிற்றுரையும் கேட்டோம். சிவப்புக் கண்ணாடி வழியாக வந்த ஒளி முன்வரிசையில் இருந்த ஒரு சிறுவனின் முதுகில் விழுந்து, மேகம் நகர நகர அவன் தோளுக்கு ஏறி, பாட்டு முடிவதற்குள் அணைந்துபோனது. நான் உரையைவிட அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இந்த இடத்தின் கதை ஒரு மரநிழலில் தொடங்குகிறது. 1863இல் தேவேந்திரநாத் இங்கே 20 பிகா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். வெட்டவெளியில் நின்ற சாதிம் மரங்களின் அடியில் அவர் தியானம் செய்ததாகச் சொல்லி அந்த இடத்தை வேலியிட்டுக் காக்கிறார்கள். சாதிம் என்பது வேறொன்றுமில்லை, நம் ஏழிலைப்பாலைதான். பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறுகிறவர்களுக்குப் பட்டமளிப்பு விழாவில் அந்த இலைக்கொத்தைத் தருகிறார்கள். தாளில் அச்சடித்த சான்றிதழ் தனி. எனக்கு இலை தருகிற யோசனை பிடித்திருந்தது. வாடிப்போகிற ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒருவரை உலகத்துக்கு அனுப்புவதற்குத் துணிச்சல் வேண்டும்.

1901 டிசம்பரில் ரவீந்திரநாத் தாகூர் ஐந்து மாணவர்களோடு இங்கே பள்ளியைத் தொடங்கினார். பள்ளிக்கூடம் என்பதையே சிறுவயதில் வெறுத்தவர் அவர். வகுப்பறைச் சுவர்தான் பிள்ளையை உலகத்திலிருந்து பிரிக்கிறது என்று எண்ணினார். ஆகவே சுவரை எடுத்துவிட்டார். மாந்தோப்பிலும் சால மர வரிசையிலும் மகிழ மர நிழலிலும் வகுப்புகள் நடக்கின்றன. ஆசிரியருக்கு வட்டமான ஒரு சிமெண்ட் இருக்கை. மாணவர்கள் தங்கள் விரிப்பைத் தாங்களே கொண்டுவந்து அரைவட்டமாக அமர்வார்கள். இன்று விடுமுறையாதலால் இருக்கைகள் காலியாகக் கிடந்தன. ஒன்றின் குழிவில் மழைநீர் தேங்கி, அதில் மூன்று மகிழம்பூக்கள் மிதந்தன. முதல் மாதம் முழுவதும் ஒரே மகிழ மரத்தைத்தான் வரைந்தேன் என்றாள் அக்காள் மகள். சலிக்கவில்லையா என்று கேட்டதற்கு, "சலிச்சுது. அப்புறம் மரம் மாறிக்கிட்டே இருக்குன்னு தெரிஞ்சுது" என்றாள்.

இந்தப் பள்ளியின் ஆண்டு நாட்காட்டி பருவங்களை வைத்து அமைந்தது. வசந்தத்துக்கு ஒரு விழா, மழைக்கு ஒரு விழா, மரம் நடுவதற்கு ஒன்று, ஏர் பிடிப்பதற்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தாகூர் பாட்டு எழுதினார், ஓவியர் நந்தலால் போஸ் மேடையும் ஆடையும் தரைக்கோலமும் வகுத்தார். இதைக் கேட்டபோது எனக்குத் தொல்காப்பியத்தின் கருப்பொருள் சூத்திரம்தான் நினைவுக்கு வந்தது. "தெய்வம் உணாவே மாமரம் புட்பறை செய்தி யாழின் பகுதியொடு தொகைஇ" என்று அது ஒரே மூச்சில் எண்ணிக்கொண்டு போகும். உண்ணும் சோறும் செய்யும் தொழிலும் அடிக்கும் பறையும் மீட்டும் யாழும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. எது வாழ்க்கை, எது கலை என்று பிரிக்க இலக்கண ஆசிரியருக்குத் தோன்றவே இல்லை. நாம் அந்த நூற்பாவைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தோம். நானோ அதில் 'புள் பறை' என்று பிரிப்பதா 'புட்பறை' என்று சேர்ப்பதா என்பதில் பல மாலைகளைச் செலவழித்திருக்கிறேன்.

மூன்றாம் நாள்

கலா பவனத்துக்குள் நுழைந்தவுடன் திறந்த வெளியில் நிற்கிறது ராம்கிங்கர் பைஜ் 1938இல் செய்த 'சந்தால் குடும்பம்'. சந்தால் என்பவர்கள் இந்த வட்டாரத்துப் பழங்குடியினர். கணவன் தோளில் காவடி. அதன் ஒரு தட்டில் குழந்தை உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் மனைவி, கூடவே ஒரு நாய். ஊர் விட்டு ஊர் பிழைக்கப் போகிறார்கள். அரசர்களுக்கும் தலைவர்களுக்கும் மட்டுமே உரியதாக இருந்த பேருருவச் சிற்பத்தில், கூலிக்குப் போகும் ஒரு குடும்பத்தை அதற்குரிய கம்பீரத்தோடு நிறுத்தியவர் அவர். வெண்கலத்துக்கும் சலவைக்கல்லுக்கும் பணமில்லை. காலடியில் கிடந்த செம்மண் சரளையைச் சிமெண்டில் கலந்து அப்பினார். கிட்டப் போய்ப் பார்த்தால் பெண்ணின் தொடையில் கூழாங்கற்கள் அப்படியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. இழைத்து வழவழப்பாக்க அவர் முயலவில்லை. இந்த ஊர்த் தரை எழுந்து நடந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது அந்தச் சிலை. இப்போது அதற்கு மேற்கூரை போட்டிருக்கிறார்கள். பாதுகாப்புக்கு அது வேண்டும்தான், ஆனாலும் வெயிலும் மழையும் பட நடக்க வேண்டியவர்களைப் பந்தலுக்குள் நிறுத்தியதுபோல் ஒரு சங்கடம்.

அங்கிருந்து சில எட்டுகளில் காலோ பாடி, அதாவது கறுப்பு வீடு. 1934இல் மண்ணால் கட்டி, சுவரெங்கும் புடைப்புச் சிற்பங்கள் வைத்து, மழைக்குத் தாங்கும்படி தார் பூசிய மாணவர் விடுதி. எகிப்து, அசீரியா, பர்ஹுத், சிந்துவெளி என்று உலகச் சிற்பக்கலையிலிருந்து எடுத்த உருவங்களை மாணவர்களே மண்ணில் செய்து பழகினார்கள். பாடநூலுக்குப் பதில் சுவர். இதை நான் அருங்காட்சியகமாகத்தான் எண்ணிக்கொண்டு போனேன். முன்புறத் திண்ணையில் ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். சிந்துவெளிக் காளையின் கொம்புக்கு நேர் மேலே கொடிக்கயிற்றில் ஒரு பனியனும் இரண்டு துண்டுகளும் காய்ந்தன. படம் எடுக்க வந்த ஒருவர் அந்தத் துண்டுகள் நகர்த்தப்படுமா என்று காத்துநின்றார், நகர்த்தப்படவில்லை. இந்தப் பயணத்தில் இதுவரை எனக்குப் பிடித்த காட்சி அதுதான். உண்மையைச் சொன்னால், அந்தத் துண்டுகளை எடுத்துவிட்டால் சுவரின் பொருளே போய்விடும்.

இந்தக் கலா பவனம் 1919இல் தொடங்கியது. நந்தலால் போஸ் நெடுங்காலம் இதற்குத் தலைமை வகித்தார். அவர் கலைக்கல்வி பற்றி எழுதியதில் ஓர் ஒப்பீடு வருகிறது. ஏழைச் சந்தால் தன் மண்குடிசையைப் பெருக்கி மெழுகி, கந்தலையும் ஒழுங்காக மடித்து வைத்திருக்கிறான்; படித்த கல்லூரி மாணவனோ மாளிகை போன்ற விடுதியில் துணிமணிகளை இறைத்துப்போட்டு வாழ்கிறான் என்பது அதன் சாரம். அழகுணர்ச்சி பணத்தோடு வருவதில்லை என்று சொல்வதற்காக அவர் எழுதினார். அக்காள் மகளிடம் இதைச் சொன்னேன்; அவள் தன் அறைக்கு என்னை அழைத்துப் போவதை மறுநாளைக்குத் தள்ளிவைத்தாள்.

நந்தலாலின் கொள்கை எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம். சித்திரம், சிற்பம் போன்ற சாரு கலையும், நெசவு, தையல், மரவேலை போன்ற காரு கலையும் ஒரே கையின் இரண்டு வேலைகள் என்றார். ஒன்று மனத்தை விரிக்கிறது, மற்றது அன்றாடப் பொருளைத் தொட்டு அதை அழகாக்குவதோடு பிழைப்புக்கும் வழி செய்கிறது. அவரே சுவரோவியம் வரைந்தார், மேடை அமைத்தார், சிறுவர்களுக்கான வங்க முதற்பாட நூலுக்கு லினோகட் என்ற செதுக்கு அச்சுப் படங்கள் செய்தார், மாணவர்களுக்கு அஞ்சலட்டையில் இரண்டு கோட்டில் ஆட்டையும் பனைமரத்தையும் தீட்டி அனுப்பிக்கொண்டே இருந்தார். காந்தியின் வேண்டுகோளின்பேரில் 1938 ஹரிபுரா காங்கிரசுக்காக அவரும் மாணவர்களும் சேர்ந்து ஏறத்தாழ 400 படங்கள் ஆக்கினார்கள். அவற்றில் இருப்பவர்கள் தையற்காரர், பஞ்சு கொட்டுபவர், சமைக்கும் பெண், மத்தளக்காரர். மாநாட்டுக்கு வந்த விவசாயி பந்தலில் தன்னையே பார்த்திருப்பார்.

பிற்பகலில் வடிவமைப்புத் துறைக் கட்டடத்தின் கறுப்பு வெள்ளைச் சுவரோவியம். வரைந்தவர் கே. ஜி. சுப்பிரமணியன். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தவர். 1942 போராட்டத்தில் சிறை சென்றார், 1944இல் இங்கே வந்து சேர்ந்தார், 1980இல் பேராசிரியராகத் திரும்பினார். பறவையும் விலங்கும் மனிதரும் ஒன்றின் வாலை ஒன்று தின்பதுபோல் கட்டடத்தைச் சுற்றி ஓடுகிறார்கள். முதுமையில் சாரத்தின்மேல் ஏறி அதை மீண்டும் தீட்டினார் என்று கேட்டபோது, என் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

கடைசியாக இந்தி பவனத்தில் பினோத் பிஹாரி முகர்ஜியின் சுவரோவியம். 1946-47இல் மூன்று சுவர்களில், ஈரச் சுண்ணப் பூச்சின்மேல் வரைந்தது. இடைக்கால அடியார்களின் வாழ்க்கை. நம் இராமானுஜரும் இருக்கிறார், கபீர் இருக்கிறார், துளசிதாசர் இருக்கிறார். ஈரப் பூச்சில் தயங்க முடியாது. காய்வதற்குள் கோடு விழுந்தாக வேண்டும், விழுந்த கோட்டை அழிக்கவும் முடியாது. பிறவியிலேயே பார்வை மிகக் குறைந்தவர் அவர். இதை வரைந்து பத்தாண்டுகளுக்குள் முழுவதுமாகப் பார்வை இழந்தார். அடியார்களைச் சுற்றி ஒளிவட்டம் இல்லை. தறி, படித்துறை, தெருக்கூட்டம் ஆகியவற்றின் நடுவே, கொஞ்சம் உயரமான மனிதர்களாக அவர்கள் நிற்கிறார்கள். கபீர் தறியை விட்டு எழுந்து போய்ப் பாடியவர் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக ஓவியத்தில் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

நான்காம் நாள்

காலையில் உத்தராயண வளாகம். தாகூர் ஒரு வீட்டில் நிலையாக இருக்கப் பிடிக்காமல் ஐந்து வீடுகள் கட்டிக்கொண்டவர். அவற்றில் 1935இல் கட்டிய சியாமளி முழுக்க மண். சுவர் மட்டுமல்ல, கூரையும் மண். தீப்பிடிக்கிற ஓலைக்கு மாற்றாக, கிராமத்தார் குறைந்த செலவில் கட்டிக்கொள்ளும் வீட்டுக்கு அது ஒரு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று விரும்பினார். சுரேந்திரநாத் கர் வடிவமைத்தார். நந்தலாலும் ராம்கிங்கரும் மாணவர்களும் வெளிச்சுவரில் புடைப்புச் சிற்பங்கள் அமைத்தார்கள். காந்தியும் கஸ்தூரிபாயும் இதில் தங்கியிருக்கிறார்கள். ஆனால் இந்த வட்டாரத்துக் கிராமங்களில் சியாமளியைப் பார்த்துக் கட்டிய வீடு எதுவும் என் கண்ணில் படவில்லை. முன்மாதிரி முன்மாதிரியாகவே நின்றுவிட்டது போலிருக்கிறது.

அருங்காட்சியகத்தில் நோபல் பதக்கத்தின் படியைச் சிலர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உண்மைப் பதக்கம் 2004இல் திருடுபோனது. நான் தேடி வந்தது அதை அல்ல, அவருடைய கையெழுத்துப் பக்கங்களை. ஒரு பக்கத்தின் முன்னால் நெடுநேரம் நின்றேன்.

மெய்ப்புத் திருத்துபவர்களுக்கு அடித்தல் என்பது ஒரு நேர்கோடு, ஓரத்தில் ஒரு குறி, அவ்வளவுதான். அடிபட்ட சொல் செத்த சொல். தாகூர் வேண்டாத சொல்லை அடிக்கிறார், அடித்த இடம் அவர் கண்ணை உறுத்துகிறது. அதைச் சுற்றி ஒரு கோடு போடுகிறார். கீழ் வரியில் அடித்த இன்னொரு சொல்லை அதோடு வளைத்து இணைக்கிறார். மூன்றாவது திருத்தம் அலகாகிறது. பக்கத்தின் முடிவில், கவிதை ஓரமாக ஒதுங்கிக்கொண்டு, நடுவில் ஒரு பெயர் தெரியாத பறவை உட்கார்ந்திருக்கிறது. 1924இல் 'பூரபி' கவிதைகளின் கையெழுத்துப்படியில் இது உச்சத்துக்குப் போனது. அர்ஜென்டினாவில் அவரை விருந்தினராக வைத்திருந்த விக்டோரியா ஒகாம்போ அந்தப் பக்கங்களைப் பார்த்து வியந்தார். 1930இல் பாரிசில் தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சி நடக்க அவரே துணைநின்றார். அறுபது வயதைத் தாண்டிய பிறகு கிளம்பி, 2000க்கும் மேற்பட்ட ஓவியங்களை விட்டுச்சென்ற ஒரு கை, திருத்தத்தில்தான் பழகியது.

1917இல் நூலாக வந்த சொற்பொழிவுகளில் தாகூர் கலைக்கு ஒரு விளக்கம் தருகிறார். விலங்குக்கு உயிர் பிழைப்பதற்கே அதன் ஆற்றல் சரியாகப் போய்விடுகிறது. மனிதனுக்கோ அறிவிலும் உணர்விலும் தேவைக்கு மேல் ஒரு மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சம் வழிந்தோடுகிற இடம் கலை. இதைப் படித்தபோது எனக்கு ஓர் எதிர்வாதம் இருந்தது: வயலில் நாற்று நடுகிறவர்களுக்கு என்ன மிச்சம்? இன்று அந்தப் பக்கத்தின் முன்னால் நின்றபோது மிச்சம் என்பதை ஓய்வு என்று நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்ததாகத் தோன்றியது. அடிக்கிற வேலைக்குள்ளேயே அந்த மிச்சம் இருந்திருக்கிறது. வேலை முடிந்தபின் தனியே உட்கார்ந்து அவர் பறவை வரையவில்லை.

மாலையில் அக்காள் மகள் அறையைக் காட்டினாள். நந்தலால் பார்த்தால் வருந்தியிருப்பார். ஆனால் தாழ்வாரத்தில் அவள் எனக்கு ஆல்பனா போடக் கற்றுக்கொடுத்தாள். ஊறவைத்த பச்சரிசியை மையாக அரைத்து நீர்க்கக் கரைத்துக்கொண்டாள். சிறிய துணித்துண்டை அதில் தோய்த்து உள்ளங்கையோரம் விரல்களுக்குள் அடக்கினாள். கட்டைவிரல் துணியை மெல்ல அழுத்த, மாவு மோதிர விரல் வழியே இறங்கி, நகத்தின் நுனியில் கோடாக விழுந்தது. புள்ளி கிடையாது, கணக்கு கிடையாது. நடுவில் ஒரு தாமரையை வைத்து, அங்கிருந்து கொடியாக வெளியே வளர்த்துக்கொண்டே போனாள். வங்காளத்துப் பெண்கள் நோன்புகளுக்காக வீட்டு முற்றத்தில் போட்டுவந்த இதனை ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் 1919இல் ஒரு நூலில் தொகுத்தார். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த சுகுமாரி தேவி என்பவரைக் கொண்டு அதைக் கலா பவனத்தில் பாடமாக்கினார்கள். நந்தலாலின் மகள்கள் கௌரியும் ஜமுனாவும் அதை வளர்த்தார்கள்.

நான் துணியை வாங்கினேன். என் கை தானாகவே பிடித்துக்கொண்டது. நம் மாக்கோலத்துக்கும் இதே துணிதான், இதே மோதிர விரல்தான்! என் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் பூசையறையில் இழை இழுக்கும்போது நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். "பாட்டி இதைப் போடுவாங்களா? எனக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்றாள் அக்காள் மகள். யாரும் சொல்லவில்லைதான். வீட்டில் அது வேலை. செய்து முடித்தாக வேண்டிய பத்து வேலைகளில் ஒன்று. பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று அந்த வேலையிலிருந்து அவர்களுக்கு விலக்குக் கொடுத்தோம். விலக்குப் பெற்றவள் 2000 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து அதையே பாடமாகப் படித்து மதிப்பெண் வாங்குகிறாள். இதில் யாரைக் குறை சொல்வது என்று தெரியாமல், நான் இழுத்த கொடி கோணிக்கொண்டு போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள்

சிராவணம் 22. 1941இல் தாகூர் மறைந்த நாள். அன்று இங்கே இரங்கல் கூட்டத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை, மரம் நடுகிறார்கள். 1928இல் அவரே தொடங்கிவைத்த விழா, இப்போது அவருடைய நினைவுநாளில் நடக்கிறது. பூவும் இலையும் வைத்து அழகுசெய்த பல்லக்கில், பனையோலைக் குடையின் கீழ், அரையடி உயரமுள்ள ஒரு கன்று வருகிறது. முன்னால் மாணவர்கள் ஆடிக்கொண்டு வருகிறார்கள். நிலம், நீர், தீ, காற்று, வெளி என ஐந்து பேர் ஐம்பூதங்களாக வேடமிட்டிருக்கிறார்கள். கன்றைக் குழியில் இறக்கும்போது சங்கு ஒலிக்கிறது. மாப்பிள்ளை அழைப்புக்கு உரிய பரபரப்பு அத்தனையும் ஒரு செடிக்கு.

வேடிக்கையாகத் தொடங்கிய என் பார்வை எந்த இடத்தில் மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. ஐம்பூதங்களில் 'தீ'யாக வந்த மாணவியின் சிவப்பு மேலாடை மழையில் சாயம் போய், அவள் காலடியில் இளஞ்சிவப்பாக ஓடியது. அவள் அதைக் கவனித்தாள், சிரிப்பை அடக்கினாள், அடவைத் தவறவிடவில்லை.

மாலையில் கோவாய் பக்கம் போனேன். செம்மண் மழையில் அரித்து அரித்துப் பள்ளத்தாக்கான நிலம். சோனாஜுரித் தோப்புக்குள் சந்தை. இதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. மெழுகிட்டுச் சாயம் தோய்த்த பாத்திக் துணி, காந்தா தையல், தோல் பை, டோக்ரா உலோக வார்ப்பு எல்லாம் குவிந்திருக்கின்றன. பாதிக்கு மேல் இயந்திரத்தில் அச்சடித்த ஆல்பனா. ஒரே கொடி, ஒரே வளைவு, நூறு பைகளில். வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, நானும் ஒன்று வாங்கினேன். திரும்பும் வழியில் சந்தால் குடியிருப்பொன்றின் ஓரமாக நடந்தபோது, ஒரு வீட்டுச் சுவரின் அடிப்பகுதியில் சாம்பல் நிறத்திலும் அதற்கு மேல் செம்மண்ணிலும் கைவிரல் தடம் தெரிய மெழுகியிருந்தார்கள். வாசலில் இருந்த மூதாட்டி, நான் சுவரையே பார்ப்பதைக் கண்டு, தீதிக்கு, அதாவது அக்காவுக்கு, என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். மழை நின்றால் மறுபடி மெழுக வேண்டும் என்று சலித்துக்கொண்டார்.

அந்தச் சலிப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவருக்கு இது தத்துவம் இல்லை. அறுந்துபோனதைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்த தாகூருக்கும் நந்தலாலுக்கும்தான் தத்துவம் தேவைப்பட்டது. வகுப்பறையும் அலுவலகமும் கண்காட்சிக்கூடமும் வந்து, கலையை ஒரு கட்டடத்திலும் வேலையை இன்னொரு கட்டடத்திலும் பூட்டிவிட்ட பிறகு, அவற்றைச் சேர்ப்பதற்கு ஒரு பல்கலைக்கழகமே எழுப்ப வேண்டியதாயிற்று.

ஆறாம் நாள்

சாந்திநிகேதனிலிருந்து மூன்று கிலோமீட்டரில் சுருல் கிராமத்தை ஒட்டி ஸ்ரீநிகேதன். 1922 பிப்ரவரியில் லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேய வேளாண் வல்லுநரைத் தலைவராக வைத்துத் தாகூர் தொடங்கிய கிராம மறுமலர்ச்சி நிலையம். மலேரியா ஒழிப்பு, பயிர், கூட்டுறவு, இவற்றோடு நெசவும் தோல் வேலையும் மட்பாண்டமும். பாட்டு எழுதுகிறவருக்குக் கொசு ஒழிப்பில் என்ன வேலை என்று அந்தக் காலத்திலும் கேட்டிருக்கிறார்கள். அவருக்கோ இரண்டும் ஒரே காரியம். உடம்பில் காய்ச்சலோடு கிடக்கிற ஊரில் பாட்டு எங்கிருந்து வரும்? 1927 ஜாவா பயணத்துக்குப் பிறகு அங்கத்திய பாத்திக் முறை இங்கே வேரூன்றியது. தோலில் அழுத்திச் சித்திரம் எழுப்பும் வேலையையும் தாகூரின் மகன் ரதீந்திரநாத்தும் மருமகள் பிரதிமா தேவியும் வளர்த்தார்கள். சாந்திநிகேதன் தோல் பொருளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பட்டறை ஒன்றில் ஒரு பெரியவர் ஈரத்தோலை விரித்து, எலும்புக் கத்தி போன்ற ஒரு கருவியால் இலை நரம்பை அழுத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, நேற்றுச் சந்தையில் நான் வாங்கிய பையைக் காட்டி, "தீதி, அது அச்சு" என்றார்.

இன்று ஹலகர்ஷண், ஏர் பூட்டும் விழா. இதுவும் 1928இல் தொடங்கியதே. நந்தலால் 1930இல் இங்கேயே அதைச் சுவரோவியமாகத் தீட்டினார். நம் ஊர்ப்பக்கம் சித்திரையில் பொன்னேர் பூட்டுவதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. இளங்கோவடிகள் நாடுகாண் காதையில் ஏரைத் தொழுது பாடும் ஏர்மங்கலத்தையும், களத்தில் பாடும் முகவைப் பாட்டையும் காட்டுகிறார். தாகூர் அவற்றையெல்லாம் அறிந்திருக்க வேண்டியதில்லை. உழுகிறவர் இருக்கும் இடத்தில் அது எப்படியும் முளைக்கும்.

அக்காள் மகள் நேற்று இரவே தோழிகளோடு இங்கே வந்துவிட்டிருந்தாள். நான் வந்து சேர்ந்தபோது உழ வேண்டிய நிலத்தின்மேல் ஓர் ஆல்பனா விரிந்து கிடந்தது. ஈர மண்ணில் வெள்ளையும் காவியும். நடுவில் தாமரை, அதிலிருந்து எட்டுத் திசைக்கும் நெற்கதிர்கள், கதிர்களுக்கு இடையில் சிறிய மீன்கள். விடிகாலையில் தூறல் விழுந்து ஓரம் கரைந்ததால் இரண்டு முறை சரிசெய்தார்களாம். வேத மந்திரம், பாட்டு, பிறகு கொம்புக்கு வண்ணம் பூசி மாலை போட்ட காளைகளை ஓட்டிவந்தார்கள். விருந்தினர் ஒருவர் மேழியில் கை வைத்தார். அவர் பக்கத்திலேயே உண்மையான உழவர் ஒருவரும் பிடித்துக்கொண்டார், நல்லவேளையாக. கொழு முதலில் ஒரு மீனின்மேல் இறங்கியது. அப்புறம் கதிர்கள், அப்புறம் தாமரை. வெள்ளைக் கோடு கருமண்ணோடு புரண்டு, அரிசிமா கலந்த கட்டிகளாகக் காளைகளின் குளம்பில் ஒட்டிக்கொண்டு போனது.

நான் அவள் முகத்தைப் பார்க்கலாம் என்று திரும்பினேன். அவள் அங்கே இல்லை. கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனபோது, அடிகுழாயடியில் ஒரு தோழி தண்ணீர் அடிக்க, அவள் மாவுக் கிண்ணங்களைக் குந்தி உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்தாள். காய்ந்த மாவு மோதிர விரலில் வெடிப்பு வெடிப்பாக இருந்தது. கிண்ணங்கள் சமையலறைக்குச் சொந்தமானவையாம், பத்து மணிக்குள் திருப்பித் தர வேண்டுமாம். என்னைப் பார்த்ததும், "சித்தி, அந்தத் துணியையும் கொஞ்சம் அலசிக் குடுங்க" என்றாள்.